கை அசைந்தது சரி, எவ்வளவு அசைந்தது?

வெள்ளவத்தையில் ஏறிப் புறக்கோட்டைக்குப் போகும் 100ஆம் இலக்க பஸ்ஸில், பக்கத்து சீட்டில் என் சித்தியின் மகன் பப்ஜி விளையாடிக்கொண்டு வந்தான். காலி வீதி முழுக்க ஒரு பிரச்சினையும் இல்லை. காலிமுகத்திடல் பக்கம் பஸ் வளைந்ததும் அவனுடைய துப்பாக்கிக் குறி திரையில் தன்பாட்டில் வழுக்கிக்கொண்டு போனது. "அண்ணா, நான் போனை ஆட்டவே இல்லை, அதுவா போகுது" என்றான். அவன் சொன்னது உண்மை. போனும் பொய் சொல்லவில்லை. இது எப்படி என்று விளங்கினால் அசைவுக் கட்டுப்பாடு என்ற சமாச்சாரத்தில் பாதி விளங்கிவிடும்.

வீடியோ கேமை வழமையாக விரலால்தான் விளையாடுகிறோம். பொத்தானை அமத்துவோம், பெருவிரலால் ஸ்டிக்கைத் தள்ளுவோம், போன் என்றால் கண்ணாடியைத் தேய்ப்போம். அதற்குப் பதிலாகக் கையில் பிடித்திருக்கும் சாமானைச் சாய்த்து, திருப்பி, வீசி விளையாடினால் அது அசைவுக் கட்டுப்பாடு. கையில் ஒன்றுமே இல்லாமல் உடம்பை அசைத்து விளையாடுவதும் இதே குடும்பம்தான். இது விளையாட்டை நல்லாக்குகிறதா, கெடுக்கிறதா என்று இளைஞர்கள் மட்டுமல்ல, என் வயதுக்காரர்களும் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். ஒரு பக்கம் டிவிக்கு முன்னால் ரிமோட்டை வீசி டெனிஸ் விளையாடியதை நினைத்துக்கொண்டு கதைக்கும். மற்றப் பக்கம் ரிமோட்டைக் குலுக்கிக் குலுக்கிக் கை நொந்ததை நினைத்துக்கொண்டு கதைக்கும். இரண்டு பேரும் ஒரே சாமானைப் பற்றிக் கதைப்பதில்லை.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். போனிலும் கொன்ட்ரோலரிலும் இருப்பவை முக்கியமாக இரண்டு உணரிகள். ஒன்று ஆர்முடுகலை அளப்பது. ஓ/எல் விஞ்ஞானத்தில் படித்த அதே ஆர்முடுகல்தான். தள்ளுவதையும் இழுப்பதையும் அது உணரும். புவியீர்ப்பையும் ஒரு இழுப்பாகவே உணரும். அதனால்தான் போனைச் சரித்தால் படமும் சரிந்து திரும்புகிறது. ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு இருந்து பாருங்கள். உடம்பு ஒரு பக்கம் சரியும்போது, பஸ் வெட்டித் திருப்பியதா அல்லது சீட்டே சாய்ந்துவிட்டதா என்று உடம்புக்கு மட்டும் விட்டால் சொல்லத் தெரியாது. அந்த உணரிக்கும் தெரியாது. போனைச் சாய்த்துக் கார் ஓட்டும் கேமைப் பஸ்ஸில் விளையாடினால் கார் ஏன் தறிகெட்டு ஓடுகிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது ஜைரோஸ்கோப், சுருக்கமாக ஜைரோ. இது சுழற்சியை அளப்பது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத சிலிக்கன் துண்டு ஒன்று ஓயாமல் அதிர்ந்துகொண்டிருக்கும். போனைத் திருப்பினால் அந்த அதிர்வு கொஞ்சம் பக்கவாட்டில் விலகும். எவ்வளவு வேகமாகத் திருப்பினீர்களோ அவ்வளவு விலகும். அதை அளந்து, எத்தனை பாகை திரும்பியது என்று கணக்குப் போடுகிறது. தம்பியின் குறி வழுக்கியதும் இதனால்தான். பஸ் வளைந்தது, பஸ்ஸோடு அவனும் வளைந்தான், அவன் கையில் இருந்த போனும் வளைந்தது. ஜைரோவுக்குப் பஸ்ஸும் தெரியாது, அவனும் தெரியாது. போன் திரும்பியது, அதைச் சொன்னது.

மூன்றாவது வழி கமராவால் பார்ப்பது. இதில்தான் எங்கள் வீட்டுக் கதை வருகிறது.

நின்டென்டோவின் வீ என்ற, டிவியில் பொருத்தி விளையாடும் கொன்சோல் 2006 நவம்பரில் வந்தது. டொரொன்டோவில் இருக்கும் சித்தப்பா இரண்டு மூன்று வருடம் கழித்து லீவுக்கு வந்தபோது ஒன்றைச் சூட்கேஸில் கொண்டுவந்தார். கனடாச் சாமான், 120 வோல்ட். இங்கே 230. ஆகவே அதை ஓட்டுவதற்கு முதல் புறக்கோட்டைக்குப் போய், செங்கல் போலக் கனமான ஸ்டெப் டவுன் பெட்டி ஒன்று வாங்கவேண்டி வந்தது. வெள்ளவத்தை ஃப்ளட்டின் ஹோலில் சோபாவைச் சுவரோடு தள்ளி, டீப்போவைத் தூக்கி அறைக்குள் வைத்து, சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டுத்தான் விளையாட்டு. டெனிஸில் சேர்வ் போடக் கையை மேலே தூக்குவார்கள் அல்லவா, அதற்காக ஃபேனை நிறுத்துவது. வியர்த்து ஊற்றும்.

வீயோடு ஒரு மெல்லிய கறுப்புக் கட்டை வரும், டிவிக்கு மேலே வைக்க. பெயர் சென்சர் பார். பெயரில் சென்சர் இருந்தாலும் அது ஒன்றையும் உணராது. இரண்டு முனையிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் காலும் சின்ன விளக்குகள் இருக்கின்றன, அவ்வளவுதான். பார்க்கும் கண், கையில் பிடித்து விளையாடும் வீ ரிமோட்டின் நுனியில் இருக்கிறது. அந்த இரண்டு ஒளிப்புள்ளிகளும் தன் கண்ணுக்கு எங்கே தெரிகின்றன என்பதை வைத்து, திரையில் எந்த இடத்தைக் காட்டுகிறீர்கள் என்று கணக்கிடுகிறது. ஒருநாள் எலி அந்தக் கட்டையின் வயரைக் கடித்துவிட்டது. மச்சான் எங்கேயோ கேள்விப்பட்டு வந்து, கார்த்திகை விளக்கீட்டுக்கு வைத்திருந்த சிட்டி விளக்கு இரண்டை எடுத்து, டிவிக்கு முன்னால் ஒரு சாண் இடைவெளியில் ஏற்றி வைத்தான். நெருப்பும் அகச்சிவப்பைத்தானே விடுகிறது. திரையில் இடம் காட்டும் கைப் படம் வந்து நின்றது. பெரியம்மா மட்டும் "டிவிக்குப் பூசை செய்யிறீங்களோ" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குப் போனார்.

அந்தப் பெரியம்மா அதற்கு முதல் எந்தக் கேமையும் தொட்டதில்லை. நாலு பொத்தானும் இரண்டு ஸ்டிக்கும் உள்ள கொன்ட்ரோலரைக் கொடுத்திருந்தால் மரியாதையாகத் திருப்பித் தந்திருப்பார். போலிங் கேமில், நிற்கும் பத்துக் கட்டைகளை விழுத்தப் பந்தை உருட்டுவது போலக் கையை வீசச் சொன்னதும் வீசினார். மூன்றாவது தரமே பத்துக் கட்டையும் விழுந்தது. உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் வீ விற்றதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். படிக்க வேண்டிய பாடத்தை உடம்பு ஏற்கெனவே படித்து வைத்திருந்தது.

இனி அதே டிஸ்க்கில் உள்ள டெனிஸ். முதல் கிழமை எல்லோரும் எழும்பி நின்று, காலை முன்வைத்து, முழுக் கையையும் வீசி ஆடினோம். இரண்டாவது கிழமை மச்சான் சோபாவில் சாய்ந்திருந்து, ஒரு கையில் முறுக்கோடு, மற்றக் கையின் மணிக்கட்டை மட்டும் சுண்டி எங்களைத் தோற்கடித்தான். ஏனென்றால் டெனிஸில் அந்த ரிமோட்டுக்குப் பெரும்பாலும் தேவைப்பட்டது ஒன்றுதான்: வீசியது எப்போது? கொஞ்சம் முந்தி வீசினால் பந்து ஒரு பக்கம், பிந்தினால் மற்றப் பக்கம். கை எவ்வளவு அழகாக வளைந்தது என்பதை அது பார்க்கவே இல்லை. முதலில் வந்த ரிமோட்டில் ஜைரோ கிடையாது. ஆர்முடுகல் உணரியும் நுனியில் உள்ள கமராவும் மட்டும்தான். போலிங்கில் அப்படியல்ல. கையின் வேகமும் கடைசியில் மணிக்கட்டு முறுகுவதும் பந்தின் ஓட்டத்தில் தெரியும். சோபாவில் இருந்து சுண்டினால் பந்து ஓரத்துக்குப் போய்விடும். மச்சானைப் பெரியம்மா வென்றது போலிங்கில் மட்டும்தான்.

எந்த அசைவுக் கேமைப் பார்த்தாலும் நான் கேட்பது இதைத்தான்: இந்த மெஷினுக்கு என் கை அசைந்தது என்ற செய்தி மட்டும் போதுமா, அல்லது எவ்வளவு அசைந்தது, எந்தப் பக்கம் அசைந்தது என்பதும் வேண்டுமா? முதலாவது என்றால் அது வேடம் போட்ட பொத்தான். அதுவும் மோசமான பொத்தான். உண்மையான பொத்தான் ஒரு சில மில்லிமீற்றர் இறங்கினால் வேலை முடிந்தது. அமந்ததா இல்லையா என்பதில் சந்தேகமே இல்லை. குலுக்கலில் அந்தத் தெளிவு கிடையாது. எவ்வளவு குலுக்கினால் குலுக்கல் என்று எடுத்துக்கொள்வது என்று கேம் செய்கிறவர் ஒரு எல்லை வைக்கவேண்டும். எல்லையைக் குறைத்தால் மூக்கைச் சொறிய ரிமோட்டைத் தூக்கினாலும் பாத்திரம் பாய்ந்துவிடும். கூட்டினால் அவசரத்தில் குலுக்கியது சேராமல் போகும். கை அந்த எல்லையைத் தாண்டும்வரை மெஷின் காத்திருக்கவும் வேண்டும். அந்தக் கணப்பொழுதுதான் சில கேம்களில் உயிர்.

2010இல் வீக்கு வந்த டொங்கி கொங் கேமில் உருளுவதற்கு ரிமோட்டைக் குலுக்கவேண்டும். ஓரடி பிசகினால் குழியில் விழும் விளையாட்டு அது. கேம் நல்லது, குலுக்கல் தொல்லை. அதே கேம் 2013இல் கையடக்கக் கொன்சோலுக்கு வந்தபோது உருளுவதற்குப் பொத்தான் வந்துவிட்டது. ப்ளேஸ்டேஷன் 3க்கு 2007இல் வந்த லெயர் இன்னும் மோசம். பறவைநாகத்தில் ஏறிப் பறக்கும் கேம். கொன்ட்ரோலரைச் சாய்த்துத்தான் ஓட்டவேண்டும், வேறு வழி கிடையாது. விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அடுத்த வருடம் ஸ்டிக்கால் ஓட்டும் வசதியைப் பிறகு சேர்த்து அனுப்பினார்கள்.

என் அளவுகோலுக்கு விலக்கும் உண்டு, மறைக்கவில்லை. 2007இன் சூப்பர் மேரியோ கலக்ஸியில் மேரியோ சுழலுவதற்கும் குலுக்கல்தான். அது எனக்கு ஒருநாளும் எரிச்சலைத் தந்ததில்லை. அந்தச் சுழலல் கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் கேம் பெரிய மனதோடு விட்டுக்கொடுக்கும், அதனால் என்று நினைக்கிறேன்.

வாள் விளையாட்டு தனிக் கதை. கையில் ரிமோட்டைக் கொடுத்தால் எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை வாள் வீசுவது. 2009இல் ரிமோட்டின் வாலில் செருகும் சின்னத் துண்டாக ஜைரோவும் வந்தது; இனிக் கை எந்தக் கோணத்தில் போகிறது என்று நன்றாகத் தெரியும். 2011இல் வந்த செல்டா கேம், ஸ்கைவர்ட் சோர்ட், முழுக்க அதை நம்பியே செய்யப்பட்டது. எதிரி இடப்பக்கம் தடுத்தால் நீங்கள் வலப்பக்கத்தால் வெட்டவேண்டும். என் அளவுகோலின்படி இது தேறவேண்டும். எந்தப் பக்கம் என்பது முக்கியமாயிற்றே. ஆனாலும் விளையாடியவர்கள் இன்றுவரை இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். காரணம் ஜைரோவில் இல்லை. உங்கள் வாள் எதிரியின் கேடயத்தில் பட்டு நிற்கும். உங்கள் கை நிற்காது. காற்றில் தடுப்பதற்கு ஒன்றும் இல்லை, கை தன்பாட்டில் போய்விடும். அந்த நிமிடம் திரையில் உள்ள கையும் உங்கள் கையும் வேறு வேறு இடத்தில். பிறகு அடுத்த வெட்டுக்குக் கையைப் பின்னுக்கு இழுக்கும்போது, அதையே ஒரு வெட்டாக மெஷின் எடுத்துக்கொள்ளலாம். 2021இல் அதே கேமைத் திரும்ப வெளியிட்டபோது ஸ்டிக்கைத் தள்ளியே வாளை வீசும் தெரிவையும் கொடுத்தார்கள்.

இந்தச் சிக்கலைக் கெட்டித்தனமாகத் தாண்டியது கண்ணில் மாட்டும் விஆர் பெட்டிகளுக்கு வந்த பீட் சேபர். 2018இல் முதலில் விற்பனைக்கு விட்டார்கள். பாட்டுக்கு ஏற்ப வரும் பெட்டிகளை இரண்டு ஒளிவாளால் வெட்டவேண்டும். ஒளிவாள் எதையும் நிற்காமல் வெட்டிக்கொண்டு போவது இயல்புதானே? கை போகிறது, வாளும் போகிறது, பொய் வெளியே தெரிவதில்லை. கொன்ட்ரோலரில் ஒரு சின்ன அதிர்வு, அவ்வளவுதான்.

கையில் ஒன்றுமே வேண்டாம் என்று வந்தது எக்ஸ்பொக்ஸ் கொன்சோலின் கினெக்ட் என்ற கமராக் கருவி, 2010 நவம்பரில். கண்ணுக்குத் தெரியாத ஒளிப்புள்ளிகளை அறை முழுக்கத் தூவி, அவை எங்கே எப்படிக் கோணுகின்றன என்று பார்த்து உங்கள் உடம்பின் வடிவத்தைக் கண்டுபிடிக்கும். முதல் 60 நாளில் 80 இலட்சம் விற்று கின்னஸ் சாதனை. ஆனால் நடப்பதற்கு என்ன செய்வது? ஹோலில் நீங்கள் நாலடி நடந்தால் டிவியில் முட்டுவீர்கள். ஸ்டிக்கும் இல்லை, பொத்தானும் இல்லை. அதனால் தானாக ஓடும் வண்டியில் நின்று குனிவது, நிமிர்வது போன்ற கேம்கள்தான் கூடுதலாக வந்தன. நன்றாகப் பொருந்தியது நடனம். அங்கே உடம்பின் அசைவு எதற்கும் பதிலாள் இல்லை, அசைவே விளையாட்டு. அதோடு கருவிக்கு முன்னால் ஒருவருக்கே கிட்டத்தட்ட ஆறடி இடம் வேண்டும். அமெரிக்க வீட்டுக்கு அது பெரிதில்லை. கொட்டாஞ்சேனையில் வீட்டின் நீளமே சாப்பாட்டு மேசைக்கும் அலுமாரிக்கும் சரி. 2013இல் புதிய எக்ஸ்பொக்ஸோடு கட்டாயம் சேர்த்து விற்றார்கள். அடுத்த வருடமே அதைக் கழற்றிவிட்டு 100 டொலர் குறைத்தார்கள். 2017இல் உற்பத்தியே நின்றது.

கதை இதோடு முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். சத்தமில்லாமல் தப்பியது குறிபார்ப்பதுதான். என் மனதில் இந்தக் கண்டுபிடிப்பின் ஆகச் சிறந்த பயன் அது.

ஸ்டிக்கால் குறிபார்ப்பது தண்ணீர்க் குழாயைத் திறப்பது போல. எவ்வளவு தள்ளுகிறீர்கள் என்பது குறி எவ்வளவு வேகமாக நகரும் என்பதை மட்டும் தீர்மானிக்கும். இலக்குக்கு வந்ததும் சரியான கணத்தில் விடவேண்டும்; வாளி நிரம்பும்போது குழாயை மூடுவது போல. பிந்தினால் வழிந்துவிடும், பிறகு மறுபக்கம் தள்ளவேண்டும். அதனால்தான் கொன்சோலில் வரும் சுடும் கேம்களில், குறி இலக்குக்குக் கிட்டப் போனதும் கேமே கொஞ்சம் பிடித்து உதவி செய்கிறது. ஜைரோவால் பார்ப்பது வேறு. 2022இல் கரண்ட் போன இரவுகளில் டோர்ச் அடித்தோமே, அது மாதிரி. மணிக்கட்டு எவ்வளவு திரும்புகிறதோ ஒளி அவ்வளவு திரும்பும். மணிக்கட்டு நின்றால் ஒளியும் நிற்கும். யாரும் டோர்ச் அடிக்கப் பழகியதில்லை.

2015இல் வந்த ஸ்ப்ளட்டூன், மை பீய்ச்சி விளையாடும் கேம், செட்டிங்ஸைத் தொடாவிட்டால் இதுவே வரும்படி வைத்தது. பெரிய அசைவுக்கு ஸ்டிக், கடைசி நூலளவுக்கு ஜைரோ. ஸ்டிக்கை எறிந்துவிடச் சொல்லவில்லை, இரண்டையும் சேர்த்துக்கொண்டது. கையை வீசவேண்டாம், எழும்பி நிற்கவேண்டாம், வியர்க்காது. பக்கத்தில் இருப்பவருக்கு நீங்கள் அசைவதே தெரியாது. வீயின் முதல் விளம்பரங்களில் துள்ளிக் குதித்த குடும்பங்களோடு ஒப்பிட்டால் பார்க்கச் சப்பென்றுதான் இருக்கும். வீ காலத்தில் ரிமோட் கை நழுவிப் பறந்து டிவியில் பட்டதால், 2006 டிசம்பரில் சுமார் 32 இலட்சம் கைப்பட்டிகளைத் தடித்ததாக மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. ஜைரோவால் குறிபார்த்து டிவி உடைத்தவர் யாரையும் நான் அறியேன்.

பப்ஜி மொபைலிலும் இதே வேலைதான். துப்பாக்கி சுடச் சுட மேலே எழும்பும். போனின் மேல்விளிம்பை மெல்ல முன்னுக்குச் சாய்த்து அதைக் கீழே பிடிப்பார்கள். கண்ணாடியில் விரலால் இழுப்பதைவிட நிதானம், விரலும் திரையை மறைக்காது. பழக விரும்பினால் செட்டிங்ஸில் ஜைரோவை எப்போதும் ஓட விடாமல், துப்பாக்கியின் ஸ்கோப்பால் பார்க்கும்போது மட்டும் வேலை செய்ய வையுங்கள். உணர்திறனைக் குறைவில் ஆரம்பியுங்கள். முதல் இரண்டு நாள் நாசமாகத்தான் சுடுவீர்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்றால் போனில் ஜைரோ இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த சில போன்களில் அது கிடையாது. போன் அசையாமல் மேசையில் கிடக்கும்போதும் குறி மெல்ல நகர்ந்தால், உணரியின் சின்னப் பிழைகள் கணக்கில் சேர்ந்துகொண்டே போகின்றன என்று அர்த்தம். சமதளத்தில் வைத்து அளவைத் திருத்தினால் பெரும்பாலும் சரியாகும். நின்டென்டோவின் இன்னொரு கொன்சோலான ஸ்விட்சின் கொன்ட்ரோலரில் எல்லோரும் திட்டும் ட்ரிஃப்ட், அதாவது ஸ்டிக்கைத் தொடாமலே நகர்வது, இது அல்ல. அது ஸ்டிக்கின் வியாதி.

எந்த அசைவையும் நிறுத்திவைக்க ஒரு தெரிவு இருக்கவேண்டும் என்பதில் நான் கண்டிப்பானவன். கை நடுங்குகிறவர், ஒரு கை மட்டும் உள்ளவர், இரவில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு விளையாடுகிறவர் எல்லோருக்கும் கட்டாய அசைவு பூட்டிய கதவு. அதே நேரம் ஸ்டிக்கைத் தள்ளிப் பெருவிரல் வலிக்கிறவருக்கு ஜைரோ பெரிய ஆறுதல்.

தம்பியிடம் பஸ் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப எதிரி பஸ்ஸில இருந்தா எனக்கும் அவனுக்கும் சமன்" என்றான். இப்போது கொள்ளுப்பிட்டி தாண்டியதும் ஜைரோவை நிறுத்திவிட்டு விரலால் விளையாடுகிறான். கோட்டையில் இறங்கும்வரை தோற்றுக்கொண்டே வருவான்.